ஏழு முகங்களுக்கு ஒரு முந்தானை

காலை வெயில் மாட்டுக் கொட்டகையின் கூரையைத் தாண்டிக் கிணற்றடியில் விழுகிறது. துணி துவைக்கும் கல்லின்மேல் என் மூத்த ஓரகத்தி ராஜம்மா அக்கா அமர்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் வெதுவெதுப்பான நீர் நிரம்பிய பித்தளைச் செம்பு. எதிரே எங்கள் வீட்டுப் பிள்ளைகள், ஒருவர் சட்டையை ஒருவர் பற்றியவாறு வரிசையாக நிற்கிறார்கள்.

அவ்வாறு பற்றிக்கொண்டு நிற்பது விளையாட்டுக்காக அன்று. இரவெல்லாம் வடிந்த பீளை காய்ந்து இமைகளை ஒட்டிவிட்டபடியால் அவர்களில் பலருக்கு வழி தெரியாது. அன்றைக்கு யாருடைய கண் சற்றே திறந்திருக்கிறதோ, அந்தப் பிள்ளைதான் வரிசைக்குத் தலைமை.

"பாரோ இல்லி" என்பார் அக்கா. இங்கே வா என்பதற்குக் கன்னடம். மைசூர் எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் பக்கத்தில் பிறந்தவர் ஆகையால் பெரியவர்களிடம் தமிழும் பிள்ளைகளிடம் கன்னடமுமாகப் பேசுவார். பிள்ளைகளும் அவரைத் தொட்டம்மா என்றே அழைத்தார்கள். பெரியம்மாவை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

முன்னே வந்த பிள்ளையைத் தம் முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு, முந்தானையின் நுனியை நீரில் நனைத்து, இமைகளின்மேல் ஒற்றி ஒற்றி எடுப்பார். பீளை ஊறிக் கரையும், இமை பிரியும். "ஆய்த்து", முடிந்தது, என்று சொல்லி, மைச்சிமிழைத் திறந்து மோதிர விரலால் இரு கண்களிலும் மை தீட்டி, கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்து அனுப்புவார். அடுத்த பிள்ளை வரும். அதே முந்தானை, அதே சிமிழ், அதே விரல்.

பாரூரிலிருந்து கெலமங்கலத்துக்கு நான் மருமகளாய் வந்த வண்டிப் பயணத்தைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். வந்த மறுநாள் காலையில் அவ்வீட்டில் நான் கண்ட முதற்காட்சி இது. அப்போது ஆறு முகங்கள். என் மகள் செல்வி பிறந்து நடக்கத் தொடங்கியபின் ஏழு. இதைவிட அழகிய காட்சி ஒன்றை அந்த வீட்டில் நான் பிறகு கண்டதில்லை. அதனாலேயே இதனை எழுதுவது எனக்குச் சற்றுக் கடினமாயிருக்கிறது.

நோய் என்று எண்ணப்படாத நோய்

ஐம்பதுகளில் எங்கள் பக்கத்துச் சிறு பிள்ளைகளுக்குக் கண் நோவது என்பது, பல் முளைப்பதைப் போலவும் நடை பழகுவதைப் போலவும், வளர்ச்சியில் ஒரு படியாகவே கருதப்பட்டது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தவழும் பிள்ளையின் கண்ணோரத்தில் மஞ்சளாய்ப் பீளை இருக்கும். அதன்மேல் ஈ அமர்ந்திருக்கும். பிள்ளை அந்த ஈயை ஓட்டாது. ஓட்டி ஓட்டி அலுத்துப் போயிருக்கும்.

சந்தையில் இரு தாய்மார் சந்தித்துக்கொண்டால் நோவு கண்ட பிள்ளையைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள். பிள்ளையின் கண் தெளிவாக இருந்தால்தான் கேள்வி வரும். "உன் புள்ளைக்கு இன்னும் கண்ணு நோவலையா?" என்பார்கள், ஏதோ அம்மை குத்த மறந்துவிட்டதைப் போல.

காரணம் உஷ்ணம் என்றார்கள். மாம்பழக் காலத்தில் வந்தால் மாம்பழச் சூடு. கேழ்வரகு அடிக்கும் காலத்தில் வந்தால் களத்துத் தூசு. மருந்தும் வீட்டிலேயே இருந்தது. பால் கொடுக்கும் தாய் ஒருத்தி கண்ணில் இரண்டு சொட்டுப் பீய்ச்சுவாள், அல்லது நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவார்கள், அல்லது விளக்கெண்ணெய். சில நாட்களில் நோவு தணியும். பிறகு பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தொடங்கும். அது அங்கே தணியும்போது முதற்பிள்ளைக்கே மறுபடியும் வரும். எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் முழுதாக வெளியேறியதில்லை. பாய் மாறிப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எங்கள் பாரூரில் ஏரியும் கால்வாய்களும் உண்டு. பிள்ளைகள் பாதிநாள் நீரிலேயே கிடப்பார்கள். அங்கும் கண் நோய் இருந்தது. ஆயினும் இத்தனை இல்லை. கெலமங்கலத்தில் எங்கள் கிணறோ ஆழமானது. கோடையில் ஒரு குடம் சேந்துவதற்குள் தோள் கழன்றுவிடும். அதில் மாடு குடிக்க வேண்டும், களி கிண்ட வேண்டும், மிச்சம்தான் முகத்துக்கு. ஆகையால் ஒரு செம்பு நீரில் எல்லா முகங்களையும் துடைத்து முடிக்கும் அக்காவின் சிக்கனத்தை நாங்கள் அனைவரும் மெச்சினோம்.

கண்ணில் களையெடுப்பு

என் கணவரின் மூத்த அண்ணனை மணந்து அவ்வீட்டுக்கு முதலில் வந்தவர் ராஜம்மா அக்கா. அவருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. நடு ஓரகத்தி லட்சுமம்மாவுக்குப் பிள்ளைகள் ஆறு. லட்சுமம்மா விடியுமுன் கழனிக்குப் போய்விடுவார். நான் அடுப்படியில் இருப்பேன். பிள்ளைகளின் முகங்கள் அக்காவுக்கு உரியவை. யாரும் அவ்வாறு பங்கிட்டுக் கொடுக்கவில்லை, தாமாகவே அமைந்துவிட்டது.

அக்காவின் கண்களும் நலமாக இல்லை. இமை மயிர்கள் உட்புறமாக வளைந்து வளர்ந்து, விழியை மணல்போல் உறுத்திக்கொண்டிருக்கும். ஆகவே மதிய வெயிலில் முற்றத்துக்கு வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வார். நான் முள்வாங்கியால் அம்மயிர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன்.

"புடிச்சு இழுடி பார்வதி. பாத்துகிட்டே இருந்தா அது தானா வந்துடுமா?"

"வலிக்குமேன்னு பாக்கறன் அக்கா."

"வலிக்காம இருக்க நான் என்னா மரப்பாச்சியா? இழு."

புல்லுக்கட்டோடு வந்த லட்சுமம்மா எங்களைக் கண்டால் சும்மா போக மாட்டார். "ஊருல எல்லாரும் கழனியில களை எடுக்கறாங்க. இங்க கண்ணுல களை எடுப்பு நடக்குது."

"உன் நாக்குலயும் முள்ளு மொளைச்சிருக்குது. வா, அதையும் எடுத்துவுடச் சொல்றன்" என்பார் அக்கா, கண்ணைத் திறவாமலே.

சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் செய்தோம். ஆனால் ஒருமுறை நாட்றாம்பாளையத்து மலைப்பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது, பந்தலோரத்தில் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். நடுத்தர வயதுதான். விழிகள் இரண்டும் வெண்மை பூத்திருந்தன. வளையல் ஓசை கேட்டு என் கையைத் தடவிப் பிடித்து, "தாயி, முள்வாங்கி கொண்டாந்திருக்கியா? இந்த மயிரு இன்னும் குத்துது" என்றார். பார்வை போன பின்னும் உறுத்தல் போகவில்லை. அன்றிலிருந்து அக்காவின் இமையைத் தொடும்போதெல்லாம் என் விரல் ஒருகணம் தயங்கிவிடும்.

வெந்த ஜவ்வரிசி

செல்விக்கு ஏறக்குறைய மூன்று வயதிருக்கும்போது அவள் வெளிச்சத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கேழ்வரகுக் குதிருக்குப் பின்னால் இருட்டில் போய் அமர்ந்து, முழங்கால்களில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். வெளியே தூக்கி வந்தால் அலறுவாள். ஒரு வாரம் பார்த்தோம். பிறகு நானும் என் கணவரும் அவள் தலைமேல் ஒரு துண்டைப் போர்த்தி ஓசூருக்குப் பேருந்தில் கொண்டுபோனோம். கண் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் அங்கு வருவதாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

அவர் செல்வியின் மேலிமையை ஒரு மெல்லிய குச்சியால் மடித்துத் திருப்பினார். என்னை அருகில் அழைத்து, "இங்க பாருங்கம்மா" என்றார். இமையின் உட்புறம் செக்கச் சிவந்து, வெந்த ஜவ்வரிசியைப் பரப்பினாற்போல் சிறு சிறு மணிகள் இருந்தன. என் பிள்ளையின் இமைக்கு இப்படி ஓர் உட்புறம் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன்.

"இது உஷ்ணம் இல்ல. ஒட்டுவாரொட்டி. இந்தப் பக்கம் நடக்கற குழந்தை எதைப் புடிச்சு இமையைத் திருப்பினாலும் எனக்கு இதேதான் தெரியுது. இப்பவே பாத்தா சரியாயிடும். வுட்டுட்டா, புண்ணு ஆறி ஆறி இமை உள்ளாற சுருங்கிக்கும். பின்னால மயிரு கண்ணைக் குத்தும். அப்புறம் பார்வைக்கு ஆபத்து."

நான் அக்காவையும் அந்தப் பந்தலோரத்துப் பெண்மணியையும் நினைத்துக்கொண்டேன்.

"வீட்டுல குழந்தைக்கு மூஞ்சி தொடைக்கறது யாரு?"

"எங்க அக்காங்க."

"எந்தத் துணியில?"

என் கணவர்தான், "முந்தானையிலதாங்க" என்றார்.

"எல்லாக் குழந்தைக்கும் அதேதானா? மையும் அதே விரலாலதானா?"

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மஞ்சள் நிறக் களிம்பு ஒன்றைக் கொடுத்து, வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் போடச் சொன்னார். ஆளுக்கொரு துணி வேண்டும், ஒரு முகம் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் அடுத்த முகத்தைத் தொடக்கூடாது, கண்ணுக்கு மை கூடாது என்றார்.

திரும்பும் பேருந்தில் என் கணவர் செல்வியின் தலைத் துண்டைச் சரிசெய்தார். பிறகு, "அண்ணிகிட்ட நீ சொல்லிடு" என்றார்.

"நீங்க சொல்லுங்க. உங்க அண்ணிதான."

"அவுங்க கையில சோறு தின்னு வளந்தவன் நான். அந்தக் கையப் பத்தி எப்புடிச் சொல்லுவன்?"

வாசகர்கள் எங்கள் தயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இது வெறும் துணியைப் பற்றிய பேச்சன்று. பிள்ளை பெறாத ஒருத்தியின் கை பட்டதால் பிள்ளைகளின் கண் கெட்டது என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும். டாக்டரம்மா சொன்ன செய்தி ஊர் வாய்க்குள் புகுந்தால் அந்த உருவத்தில்தான் வெளியே வரும். அதன்பின் எந்த வீட்டிலும் அக்காவின் மடியில் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். லட்சுமம்மாவின் நாக்கை நினைத்தும் அஞ்சினேன். என் மகளின் கண்ணும் தப்ப வேண்டும். அக்காவின் மடியும் காலியாகக் கூடாது. இரண்டையும் எப்படிக் காப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வண்ணத் துணிகள்

சந்தைத் தெருவில் தையற்காரரிடம் வெட்டுத் துண்டுகள் வாங்கி வந்தேன். ஒன்று பூப்போட்டது, ஒன்று கோடு போட்டது, ஒன்று கத்தரிப்பூ நிறம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விதம். அக்காவிடம் பாதிச் செய்தியை மட்டும் சொன்னேன். "ஆளுக்கு ஒரு துணியில தொடைச்சா சீக்கிரம் ஆறுமாம் அக்கா. அப்புறம் மை கொஞ்ச நாளைக்கு வேணாமாம்."

"அதுக்கென்னா, தொடைச்சுட்டாப் போவுது" என்று மலர்ந்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். மைச்சிமிழையும் எடுத்து உறியில் வைத்துவிட்டார். துணிகளைக் கொடியில் வரிசையாக உலர்த்தி, எது யாருடையது என்று பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

களிம்பு வேலை செய்தது. சில நாட்களில் செல்வி குதிருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கோழிக்குஞ்சுகளைத் துரத்தினாள். நான் இரு காரியமும் முடிந்ததென்று எண்ணினேன்.

மாதம் திரும்புமுன் அவள் மறுபடியும் குதிருக்குப் பின்னால் போய்விட்டாள்.

மறுநாள் காலை அடுப்பை விட்டு எழுந்துவந்து கிணற்றடியைக் கவனித்தேன். அக்கா பூப்போட்ட துணியால் செல்வியின் கண்களை ஒற்றித் துடைத்தார். அதைத் தனியே வைத்தார். எல்லாம் சொன்னபடியே. பிறகு "பா கண்ணு" என்று அவளை அருகே இழுத்து, முந்தானையால் இரு கண்களையும் கன்னங்களையும் அழுத்தி ஒரு துடைப்புத் துடைத்து அனுப்பினார். அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. துணி ஏழு, முடிவில் முந்தானை ஒன்று.

"முந்தானை எதுக்கு அக்கா? துணியிலயே தொடைச்சாச்சே."

"வெறுந்துணியில தொடைச்சு அனுப்பினா தாயில்லாப் புள்ள மாதிரி இருக்குதுடி. கடைசியா முந்தானை படணும். அப்பதான் மூஞ்சி மூஞ்சியா இருக்குது."

இதில் அவர் மட்டும் தனியானவர் அல்லர். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பாள். குளித்து வந்த பிள்ளையைத் துண்டால் துவட்டினாலும் முகத்துக்கு முந்தானைதான். நானும் அப்படித் துடைக்கப்பட்டு வளர்ந்தவளே.

அக்காவின் கேள்வி

இரண்டாம் முறை ஓசூருக்குப் போனபோது அக்காவையும் அழைத்துக்கொண்டேன். "உங்க இமை மயிருக்கும் ஏதாவது வழி கேக்கலாம்" என்றேன். அதுவும் உண்மையே.

டாக்டரம்மா முதலில் செல்வியைப் பார்த்தார். பிறகு அக்காவின் இமையைத் திருப்பினார். அங்கே மணிகள் இல்லை. வெள்ளை வெள்ளையாய்த் தழும்புக் கோடுகள் இருந்தன. "இது நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப வந்தது. அப்புறம் ஒவ்வொரு வருசமும் புள்ளைங்ககிட்டேருந்து திரும்பத் திரும்ப வந்திருக்குது. புள்ளைங்களைப் பாத்துக்கற பொம்பளைங்களுக்குத்தான் இது முத்திப் போவுது" என்றார்.

அக்கா சிறிது நேரம் தம் முந்தானையைப் பார்த்தார். அவர் கல்வி இல்லாதவர். ஆனால் பாதிச் செய்தியைக் கொண்டு மீதியைக் கண்டுகொள்ளும் அறிவு உண்டு.

"அப்படின்னா என் கையிலேருந்து புள்ளைங்களுக்கும் போவுமில்லம்மா?"

டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நேராகவே பதில் சொன்னார். "போவும்மா. உங்க கையில போவும், முந்தானையில போவும், ஈயில போவும், ஒரே தலகாணியில படுத்தாலும் போவும். இந்த ஊருல எல்லாரும் எல்லாருக்கும் குடுத்துக்கறாங்க. யாருமேலயும் பழி போட முடியாது."

பேருந்தில் அக்கா சன்னலோரம் அமர்ந்தார். வழக்கமாகச் செல்வியைத் தம் மடியில் வாங்கிக்கொள்பவர், அன்று இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். செல்வி தாவிப் போனாள். "சும்னிரு" என்றார். பேசாமல் இரு என்று பொருள். அந்தச் சொல்லை அவளிடம் அவர் அதுவரை அந்தக் குரலில் சொன்னதில்லை.

கல்லின்மேல் யாருமில்லை

மறுநாள் காலை பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்து நின்றார்கள். கல் காலியாக இருந்தது. நான் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். லட்சுமம்மாவின் கடைசி மகன், கண்ணைத் திறக்காமலே என் கையைத் தடவிப் பார்த்து, "நீ வேணாம் சித்தி. உன் கை சொரசொரங்குது. தொட்டம்மா வரட்டும்" என்றான். எல்லாரும் தொட்டம்மா, தொட்டம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

அக்கா சமையலறைத் தரையில் அமர்ந்திருந்தார். கூப்பிடும் குரல் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அந்நேரம் பார்த்து லட்சுமம்மா அரிவாளை மறந்துவிட்டேன் என்று கழனியிலிருந்து திரும்பி வந்தார். "என்னாக்கா, புள்ளைங்க கத்துதுங்க, நீ இங்க ஒக்காந்திருக்கற?"

நான் இடையே புகுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையமர்த்தினார்.

"லட்சுமி, நல்லாக் கேட்டுக்க. உன் புள்ளைங்க கண்ணு கெடறதுக்கு என் முந்தானையும் ஒரு காரணம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நாளைக்கு வேற எவளோ வந்து உன் காதுல ஓதறதுக்கு முந்தி நானே சொல்லிடறன். நான் புள்ள பெத்தவ இல்ல. இனி அதுங்களைத் தொடமாட்டன்."

லட்சுமம்மா கையிலெடுத்த அரிவாளைச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் அஞ்சிய நொடி அதுதான்.

"அதனால? ஆறு மூஞ்சியையும் இனி நான் கழுவணுமா? நான் கழனிக்குப் போவ வேணாமா?" என்றார். பிறகு சற்றுத் தணிந்து, "ஆறைப் பெத்து உன் மடியில போட்டுட்டுப் போனவ நான். நீ இல்லன்னா அதுங்களுக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. முந்தானை ஆவாதுன்னா முந்தானையை வுடு. கைய சோப்புப் போட்டுக் கழுவிகிட்டு எழுந்து வா. கண்ணு தெறக்காம நிக்குதுங்க."

அக்கா எழுந்தார். வாசற்படியில் ஒருகணம் நின்று, தம் முந்தானையின் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரே இழுப்பில் கிழித்தார்.

"அய்யோ, சொமங்கலி கட்டின சேலையைக் கிழிக்கலாமாக்கா" என்றார் லட்சுமம்மா.

"கட்டிக்க வேற இருக்குது. எல்லாருக்கும் ஒரே முந்தானையா இருந்தாத்தான தப்பு? ஆளுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

ஏழு துண்டுகள் கிழித்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பருத்திச் சேலை அது. கரை வந்த துண்டுக்குப் பிள்ளைகளிடையே பெரும் சண்டை நடந்தது. அன்று ஒவ்வொரு முகத்துக்கும் பின் அக்கா கையைச் சோப்பிட்டுக் கழுவினார். நான் வழக்கத்தைப்போல் இருமடங்கு நீர் சேந்தினேன். வரிசை முடிய வெயில் ஏறிவிட்டது; களி அடிப்பிடித்துவிட்டது. ஆண்கள் அதையே குறை சொல்லாமல் உண்டார்கள்.

அதன்பின் செல்வி குதிருக்குப் பின்னால் போகவில்லை. ஊரில் நோய் ஒழிந்தது என்று எழுத மாட்டேன். ஈக்கள் இருந்தன, மற்ற வீட்டு முந்தானைகள் இருந்தன. ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆனால் வந்தால் ஒரு பிள்ளையோடு நின்று திரும்பிப் போயிற்று.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம் அக்கா வழக்கம்போல் என் மடியில் படுத்திருந்தார். மயிர் பிடுங்கியதில் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைக் கண்ட செல்வி கொடியிலிருந்து தன் துண்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்து அக்காவின் கண்ணில் வைக்கப் போனாள்.

அக்கா முகத்தை விலக்கிக்கொண்டார். "வேணாம் கண்ணு. அது உன்னுது."

"அப்ப உன்னுது எங்க தொட்டம்மா?"

நான் கொடியைப் பார்த்தேன். ஏழு துண்டுகள் கிழித்தவர் எட்டாவதைக் கிழிக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவுமில்லை.

முள்வாங்கியைக் கீழே வைத்தேன். அன்றுதான் கட்டியிருந்த சேலத்துப் புதுச்சேலை. முந்தானையோரத்தைப் பல்லில் வைத்துக் கிழித்து, அக்காவின் கண்ணை ஒற்றினேன்.

"கஞ்சி போட்ட சேலை. முள்ளு மாதிரி குத்துது" என்றார்.

"தொவைக்கத் தொவைக்க மெத்துன்னு வந்துடும் அக்கா" என்றேன்.